வண்டு வராத தாமரை

செயற்கைப் பூவைத் தமிழன் தலையில் கட்டியவன் சீனாக்காரன் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. பாவம், அந்த மனுசனை விட்டுவிடுங்கள். அந்தப் புண்ணியம் எங்கள் மூவேந்தருக்கும் அவர்களைச் சுற்றியிருந்த சில்லறை மன்னர்களுக்கும் உரியது.

சங்க காலத்துப் பாணன் ஒருவன், வயிறு முதுகில் ஒட்டிய நிலையில், யாழைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு காடு மலை தாண்டி அரண்மனை வாசலுக்கு வருகிறான். பாடுகிறான். அரசன் உருகிப் போகிறான். உருகினவன் அடுத்துச் செய்கிற வேலை, பொன்னை உருக்குவது. பொன்னில் ஒரு தாமரையைத் தட்டுவித்து, வெள்ளிக் கம்பியில் கோத்து, பாணன் தலையில் சூட்டிவிடுகிறான். புறநானூற்றில் இந்தப் பரிசளிப்பு விழா திரும்பத் திரும்ப வருகிறது. காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையன் மேல் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலும் அந்தத் தாமரை உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் நல்ல மனுசன். அரசனைப் புகழ்கிற இடத்திலேயே உண்மையையும் போட்டு உடைத்துவிடுகிறார். அந்தத் தாமரையில் வண்டு வந்து இரையாதாம்.

எப்படி இரையும்? வண்டுக்குப் பொன் விலை தெரியாது. தேன் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் அதன் கேள்வி. பாணனுக்கும் அதே கேள்விதான் இருந்திருக்கும், ஆனால் அரண்மனைக்குள் நின்று கேட்கிற வசதி வண்டுக்குத்தான் உண்டு. மன்னரைக் குறை சொல்லக் கூடாது, ஊன் சோறும் கள்ளும் வயிறு முட்டக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். இன்றைக்கு வன்னியில் நாற்பது வருசம் கூத்தாடின அண்ணாவியாருக்குப் பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்புகிறோம். அந்தக் காலத்துப் பூவில் பூ இல்லை, இந்தக் காலத்துப் பொன்னாடையில் பொன் இல்லை. மரபு அறாமல் வருகிறது.

அரசர் கதை அப்படியிருக்க, சனமும் சும்மா இருக்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் நெட்டி என்ற நீர்ச்செடியின் வெள்ளைத் தண்டைச் சீவிச் சீவிப் பூவும் மாலையும் செய்தார்கள். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் நெட்டி மாலை. ஒரு செடியைக் கொன்று இன்னொரு செடியின் பூவைச் செய்கிற அந்தக் கலைக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பனங்குருத்து. ஓலையை அவித்துக் காயவைத்து, சாயம் போட்டு, நகத்தால் கீறி மடித்து ரோசாப்பூச் செய்கிற பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். பனைக்கே தெரியாது தனக்குள் ரோசா இருந்தது. செத்த வீடென்றால் பாடைக்குக் கடதாசிப் பூ. உயிரோடு இருந்தபோது ஒரு பூவும் கண்டிராத மனுசன், கடைசி ஊர்வலத்தில் நாலு நிறத்தில் ரிசுப் பேப்பர் பூவோடு போவார்.

இடையில் ஒரு அசல் செடிக்கும் நியாயம் செய்ய வேண்டும். கடதாசிப் பூ மரம் என்று ஒன்று வேலியோரம் நிற்குமே, அது உயிருள்ள செடி. ஆனால் பார்க்கிறவன் ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டான். தண்ணி ஊற்றாவிட்டால்தான் கூடப் பூக்கும். வன்னிக் கரையோரத்து முள்ளிவாய்க்கால் மணலுக்கும் உப்புக் காற்றுக்கும் அதைவிடத் தோதான பூமரம் வேறில்லை. பொய்ப் பூக்கள் எல்லாம் உண்மை மாதிரித் தெரியப் பாடுபடுகிற உலகத்தில், பொய் மாதிரித் தெரிந்துகொண்டு நிம்மதியாக இருக்கிற ஒரே பூ அது.

பிளாஸ்ரிக் பிறகு வந்தது. வந்த பாதை கொஞ்சம் சுவாரசியமானது.

1950இல் ஹொங்கொங்கில் லீ கா-ஷிங் என்ற இளைஞர் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பட்டறை தொடங்கினார். இத்தாலியில் பிளாஸ்ரிக்கில் பூச் செய்கிறார்களாம் என்று ஒரு சஞ்சிகையில் படித்துவிட்டு, 1957இல் அங்கே போய்ப் பார்த்தார். தொழில் நுணுக்கம் முழுவதையும் கண்ணால் களவாடிக்கொண்டு திரும்பினார். திரும்பிவந்து செய்த பூ உலகமெங்கும் போயிற்று. அவருக்குப் ‘பிளாஸ்ரிக் பூ ராசா’ என்றே பட்டம் வந்தது. பொன் தாமரை கொடுத்த ராசாக்களுக்குப் பிறகு, பூவாலேயே ராசாவான முதல் ஆள் இவர்தான்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல முயற்சியாளர் கதை. ஆனால் 1967 மே மாதம் ஹொங்கொங்கின் சான் போ கொங் பகுதியில் ஒரு செயற்கைப் பூத் தொழிற்சாலையில் தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு வந்தது. அது தெருவுக்கு வந்து, பொலிஸ் வந்து, சீனாவின் கலாசாரப் புரட்சிக் காற்றும் சேர்ந்து அடித்து, மாதக் கணக்கில் நகரமே கொந்தளித்தது. குண்டுகள் வெடித்தன. ஐம்பது பேர் வரையில் செத்தார்கள். உலகத்தில் எத்தனையோ கலவரம் சோற்றுக்காக, மொழிக்காக, காணிக்காகத் தொடங்கியிருக்கிறது. பிளாஸ்ரிக் பூக் கட்டுகிற மேசையில் தொடங்கினது இது ஒன்றுதான். பயந்த பணக்காரர் காணியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கப்பல் ஏற, பூ விற்ற காசு கையில் இருந்த லீ காணி காணியாக வாங்கிப் போட்டார். 1979இல் ஹச்சிசன் என்ற பழைய ஆங்கிலேயக் கம்பனியே அவர் கைக்கு வந்தது. அந்தக் கம்பனியின் பெயரைத்தான் சுருக்கி ஹட்ச் என்று சிம் விற்கிறார்கள். 078 என்று தொடங்குகிற நம்பர் வைத்திருக்கிற முள்ளிவாய்க்கால் கடற்கரைப் பொடியன், வள்ளத்தில் நின்று “அலோ, கேக்குதோ” என்று கத்துகிறபோது, அவன் காதுக்குள் இருப்பது ஒருகாலத்துப் பிளாஸ்ரிக் பூக் காசு. சிக்னல் மட்டும் அசல் பூ மாதிரி, காலையில் இருக்கும், மத்தியானம் வாடிவிடும்.

இராணுவங்களும் மரம் நட்டன என்பதைச் சொல்லாவிட்டால் கதை நொண்டும்.

முதலாம் உலக யுத்தத்தில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இரண்டு பக்கமும் பதுங்குகுழிக்குள் கிடக்க, நடுவில் செல் பட்டுக் கருகிய மொட்டை மரங்கள் நின்றன. தலையைத் தூக்கினவன் தலை போகும். ஆகவே மரத்துக்குள் ஆளை ஏற்றலாம் என்று ஒரு யோசனை முதலில் பிரெஞ்சுக்காரருக்கு வந்தது. ஆங்கிலேயர் இதற்கென்று சொலமன் ஜே. சொலமன் என்ற ஓவியரைப் பிடித்தார்கள். பெரிய இடத்துப் பெண்களின் முகத்தை எண்ணெய் வர்ணத்தில் தீட்டிக்கொண்டிருந்த மனுசன், 1916இல் பட்ட மரத்தின் பட்டையைத் தீட்டப் போனார். ஒரு மொட்டை மரத்தைத் தேர்ந்து, அதன் ஒவ்வொரு முண்டு முடிச்சையும் படமாக வரைந்து, அதே மாதிரி இரும்பில் செய்து, மேலே பட்டை போர்த்து, உள்ளே ஏணி வைத்து முடிப்பார்கள். பிறகு ஒரு இரவு பீரங்கிகளை விடாமல் அடித்துச் சத்தம் எழுப்பி, அந்தச் சத்தத்தில் அசல் மரத்தைத் தறித்து விழுத்தி, அதே குழியில் பொய் மரத்தை நிறுத்திவிடுவார்கள். விடிய எதிரி பார்த்தால் நேற்றைய மரம் நேற்றைய இடத்தில். ஜேர்மன்காரனும் இதே வித்தையைச் செய்தான். அவன் நட்ட மரம் ஒன்று இன்றைக்கும் கன்பராவில் அவுஸ்திரேலிய யுத்த நினைவகத்தில் நிற்கிறது. செத்த மரத்துக்குப் போலி செய்யக் கலைஞனும் இரும்பும் ஒரு இரவு முழுக்கக் குண்டும் செலவழித்த சாதி மனுச சாதி ஒன்றுதான்.

வன்னியில் எங்களிடம் இரும்பும் இல்லை, சொலமனும் இல்லை. குழை இருந்தது. கிபிர் குண்டு விமானம் வருகிற காலத்தில் வாகனத்தின் முதுகில் பூவரசோ பாலையோ கிளை கிளையாக வெட்டிக் கட்டுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பற்றை ஹோர்ன் அடித்துக்கொண்டு ஓடிவரும். அசல் இலையால் பொய் மரம் செய்கிற தொழில்நுட்பம். அதிலே ஒரு சிக்கல் என்னவென்றால், வெட்டின குழை மத்தியானத்துக்குள் சுருண்டுவிடும். பிறகு பச்சைக் காட்டுக்குள் அந்த ஒரு பற்றை மட்டும் பழுப்பாகத் தெரியும். மேலே வண்டு இரைந்துகொண்டே நிற்கும். வேவு விமானத்துக்குச் சனம் வைத்த பெயர் அது. இரவு பகலாக அது இரைந்தது. போர் முடிந்த 2009 மே மாதம் வரைக்கும் இரைந்தது. முள்ளிவாய்க்காலில் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள், தேன் வண்டு காதுக்குப் பக்கத்தில் வந்தாலும் ஒருகணம் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள்.

அமெரிக்கர் கதை வேறு ரகம். ஹியூஸ்டனில் 1965இல் கூரை போட்ட பெரிய விளையாட்டு மைதானம் ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே அசல் புல். கண்ணாடி மாதிரியான பிளாஸ்ரிக் கூரையால் வெயில் கண்ணுக்குள் அடிக்க, ஆட்டக்காரருக்கு மேலே போன பந்து தெரியவில்லை. கூரைக்கு வர்ணம் பூசினார்கள். வெயில் நின்றது, புல்லும் செத்தது. செத்த புல்லுக்கும் பச்சை வர்ணம் பூசினார்கள். அடுத்த வருசம் அதுவும் சரிவராமல் நைலோன் புல் விரித்தார்கள். அஸ்ரோரேர்வ் என்ற பெயர் பிறந்த கதை இதுதான். இந்த வர்ணம் பூசுகிற கட்டம் மட்டும் எங்களுக்கு நல்ல பழக்கம். மந்திரி வருகிறார் என்றால் வீதியோரக் கல்லுக்கெல்லாம் ஒரே இரவில் வெள்ளை அடிக்கிற நாடு இது. 1972இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் ஒரு பெருந்தெருவின் நடுத்திட்டில் தொள்ளாயிரத்துக்கு மேல் பிளாஸ்ரிக் மரமும் செடியும் நட்டது. அடுத்த வருசமே மார்ட்டின் கிரீகர் என்ற ஒரு படித்த மனுசர், பிளாஸ்ரிக் மரத்தில் அப்படி என்னதான் பிழை என்று சயன்ஸ் சஞ்சிகையில் ஒரு நீண்ட கட்டுரையே எழுதிக் கேட்டார். எங்கள் ஊர் ஆடு ஒன்றைக் கேட்டிருந்தால் ஒரு வாயில் விடை கிடைத்திருக்கும்.

வேர் இல்லாத செடியை வைக்க இரண்டு பேருக்குத்தான் மனம் வரும் என்பது என் கட்சி. தண்ணி இல்லாதவனுக்கும் பொறுமை இல்லாதவனுக்கும். தண்ணி இல்லாதவனைப் பற்றிப் பிறகு வருகிறேன். பொறுமை இல்லாதவர்கள் 2009க்குப் பிறகு வன்னிக்கு நிறையப் பேர் வந்தார்கள்.

கிளிநொச்சி நகருக்குள் போனால் யாரும் தவறவிட முடியாது. சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய சீமெந்துக் கட்டி. அதன் விலாவில் பித்தளை நிறத்தில் ஒரு எறிகணை குத்திக்கொண்டு நிற்கிறது. குத்தின இடத்திலிருந்து வெடிப்புகள் ஓடுகின்றன. உச்சியில் ஒரு தாமரை மலர்ந்திருக்கிறது. இராணுவத்தின் வெற்றிச் சின்னம். அரசியலை விடுங்கள், எனக்குத் தாவரவியல்தான் விளங்கவில்லை. தாமரைக்குச் சேறு வேண்டும், நிற்கிற தண்ணி வேண்டும். வன்னிக் குளங்களில் அது கேட்பாரில்லாமல் பூத்துக் கிடக்கும். அதன் இலையில்தான் கோயில் அன்னதானத்துக்குச் சோறு போடுவோம். சீமெந்தின் மண்டையைப் பிளந்துகொண்டு தாமரை எப்படி வந்தது? எறிகணையா உரம்? பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்கு ஒரு பை சீமெந்து கொண்டுவருவதென்றால் படாத பாடு. வீட்டுக்குக் கேட்டபோது வராத சீமெந்து, கடைசியில் பூவாக வந்து இறங்கியது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அங்கேயும் வண்டு வரவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கமும் இப்படி ஒன்று நடந்தது. தஞ்சாவூர் விளாரில் முள்ளிவாய்க்கால் நினைவு முற்றம் என்று கல்லில் சிற்பங்கள் செதுக்கி 2013 நவம்பரில் திறந்தார்கள். திறந்து ஒரு கிழமைதான். நெடுஞ்சாலைத்துறைக் காணி என்று சொல்லி, பொலிசோடு வந்து சுற்று மதிலையும் பூங்காவையும் இடித்துத் தள்ளினார்கள். கல் நின்றது, செடி போயிற்று. அரசாங்கங்களுக்குக் கல்லோடு வாதாடப் பயம். பூஞ்செடியென்றால் ஒரு கை பார்ப்பார்கள்.

இனித்தான் கதாநாயகன் வருகிறார். இலங்கைத் தீவின் வரலாற்றிலேயே மிகப் பெரிய பொய் மரம் முளைத்த கதை.

1996இல் உலகக் கிண்ணத்தைத் தூக்கிய அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க 2016இல் துறைமுகங்கள் அமைச்சர். கிண்ணம் தூக்கின கைக்கு அமைச்சுக் கோப்பு எத்தனை நாளைக்குப் பாரமாக இருக்கும்? கொழும்பு காலிமுகத்திடலில் உலகத்திலேயே உயரமான செயற்கைக் கிறிஸ்மஸ் மரத்தை நிறுத்துவது என்று முடிவாயிற்று. இலக்கு 100 மீற்றர். ஓகஸ்ற்றில் வேலை தொடங்கினது. நோக்கம் என்ன என்று கேட்டால், இன நல்லிணக்கம், மத நல்லிணக்கம். போர் முடிந்து ஏழு வருசமாக ஆணைக்குழுக்கள் தேடிக்கொண்டிருந்த சாமான் அதுதான். அது கம்பியும் வலையும் வைத்துக் கட்டக் கூடியது என்று அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

பொய்க் கிறிஸ்மஸ் மரத்துக்கு ஏற்கெனவே நல்ல குலம் கோத்திரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மனியில் காடு குறைந்துபோக, வாத்து இறகுக்குப் பச்சைச் சாயம் போட்டுக் கம்பியில் சுற்றி மரம் செய்தார்கள். பிறகு 1930களில் அடிஸ் என்ற பிரஷ் கம்பனி, கழிப்பறை கழுவுகிற பிரஷ் செய்கிற யந்திரத்திலேயே பச்சைத் தும்பைப் போட்டு மரம் முறுக்கியது என்பது அந்தத் தொழிலில் எல்லாரும் சொல்கிற கதை. ஆக, வாத்துக்கும் கழிப்பறைக்கும் பிறந்த பரம்பரையின் நேர் வாரிசுதான் காலிமுகத்திடலில் கால் ஊன்ற வந்தது.

இரும்புக் கம்பிச் சட்டம். அதன்மேல் பிளாஸ்ரிக் வலை. வலைமேல் தங்க நிறமும் பச்சையும் சிவப்பும் வெள்ளியுமாக வர்ணம் பூசின அசல் பைன் காய்கள், பத்து இலட்சத்துக்கு மேல். ஆறு இலட்சம் எல்.ஈ.டி. மின்குமிழ். உச்சியில் ஆறு மீற்றரில் ஒரு நட்சத்திரம். துறைமுகத் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் தொண்டர்களோடு சேர்ந்து நாலு மாதம் முறிந்தார்கள். இதில் என் மனதைத் தொட்டது அந்தப் பைன் காய்தான். பைன் இந்தத் தீவின் மரமே இல்லை. கரீபியன் பக்கத்திலிருந்து கொண்டுவந்து மலைநாட்டில் நட்டது. நட்ட இடத்தில் ஊற்று வற்றிப்போகுது என்று மலையகத்துச் சனம் கரிச்சுக் கொட்டுகிற மரம். வெளிநாட்டு மரத்தின் அசல் காயைப் பிடுங்கி, பொய் வர்ணம் பூசி, உள்நாட்டுப் பொய் மரத்தில் தொங்கவிடுவது. நல்லிணக்கத்தை இதைவிடச் சரியாக ஒருவரும் வரைந்து காட்டியதில்லை.

டிசெம்பர் பிறந்ததும் கர்தினால் மல்கம் ரஞ்சித் வாயைத் திறந்தார். இது வீண் செலவு, அந்தக் காசை ஏழைகளுக்குக் கொடுக்கலாம், நிறுத்துங்கள் என்றார். இங்கேதான் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கிறிஸ்மஸ் யாருடைய பெருநாள்? கர்தினாலுடையது. மரம் யாருக்கு? கர்தினாலின் ஆட்களுக்கு. மாப்பிள்ளை எனக்குக் கலியாணமே வேண்டாம் என்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்க, தரகர் மட்டும் பந்தல் போட்டுக்கொண்டிருந்த மாதிரி ஒரு காட்சி. வேலை சில நாள் நின்றது. மொத்தச் செலவு ஒரு கோடி இருபது இலட்சம் ரூபாவாம். அரச காசில் ஒரு சதமும் இல்லை, தனியாரும் கம்பனிகளும் தந்தது என்று அரசாங்கம் விளக்கம் சொன்னது. பிறகு திரும்ப வேலை தொடங்கினது. நின்ற நாளெல்லாம் உயரத்தில் போயிற்று.

டிசெம்பர் 24 இரவு திரை விலகினபோது 100 மீற்றர் 73 ஆகியிருந்தது. கின்னஸ்காரர் தங்கள் கணக்கில் 72.1 என்று எழுதிக்கொண்டார்கள். தேர்தல் விஞ்ஞாபனம் நிறைவேறுகிற வீதத்தோடு ஒப்பிட்டால் இது மிக உயர்ந்த சித்தி. அதற்கு முந்தின சாதனை சீனாவின் குவாங்சோவில் இருந்த 55 மீற்றர் மரம். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் பெரும் பங்கைச் சீனாவுக்குக் கொடுக்கப் பேச்சு நடந்த அதே மாதத்தில், சீனாவை நாங்கள் வென்ற ஒரே துறை பொய் மரம்.

நான் படத்தில்தான் பார்த்தேன். பகலில் எடுத்த படம். வெளிச்சம் இல்லாதபோது அது மரமாகத் தெரியவில்லை, பச்சை வலை போர்த்த ஒரு கட்டுமான வேலைத்தலமாகத்தான் தெரிந்தது. இரவுப் படம் அழகுதான், மறுக்கமாட்டேன். கொழும்புப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து வாய் பிளந்து நின்றார்கள். பிள்ளைகளின் சந்தோசத்தோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை.

மரத்தைக் கழற்றின கையோடு 2017 ஜனவரி 31 அன்று, முள்ளிவாய்க்காலுக்குக் கிட்ட, நந்திக்கடலின் மற்றப் பக்கத்தில், கேப்பாப்பிலவு பிலக்குடியிருப்புச் சனம் விமானப்படை முகாமின் வாசலில் போய்க் குந்தினார்கள். எங்கள் வளவைத் தாருங்கள் என்றார்கள். அந்த வளவுக்குள் நின்றவை பொய் மரங்கள் இல்லை. தென்னையும் மாவும் பலாவும், அவர்கள் கையால் வைத்துத் தண்ணி ஊற்றி வளர்த்தவை. தங்கள் மாமரத்தை வேலிக்கு வெளியே நின்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவு பனியிலும் பகல் வெயிலிலும் கைக்குழந்தைகளோடு இருந்து, மார்ச் முதலாம் திகதிதான் காணி கிடைத்தது. கின்னஸ்காரர் ஒருவரும் நாடாவோடு வரவில்லை. வந்திருந்தால், மரத்துக்காக மனுசர் இருந்த இருப்பு என்று ஏதாவது ஒரு பிரிவில் பதிந்திருக்கலாம்.

காலிமுகத்திடல் மரம் போனாலும் கொழும்பு சும்மா இருக்கவில்லை. 2019 செப்ரெம்பரில் தாமரைக் கோபுரம் திறந்தார்கள். 350 மீற்றர் உயரம், சீனக் கடன், உச்சியில் ஊதா நிறத்தில் மூடின மொட்டு. திறப்பு விழா மேடையிலேயே அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, முற்பணமாகக் கொடுத்த 200 கோடி ரூபாவோடு ஒரு சீனக் கம்பனியே காணாமற் போய்விட்டது என்று சொல்லி விழாவைக் கலகலப்பாக்கினார். திறந்த பிறகும் சனத்தை உள்ளே விட இன்னும் மூன்று வருசம் பிடித்தது. இளந்திரையன் காலத்தில் தாமரை அரண்மனையிலிருந்து பாணனின் தலைக்கு வந்தது. எங்கள் காலத்தில் தாமரை தலைக்கு மேலே நிற்கிறது, கடன் மட்டும் தலையில் இருக்கிறது.

சரி, தண்ணி இல்லாதவர்.

முள்ளிவாய்க்காலில் எனக்குத் தெரிந்த ஒரு மாமி இருக்கிறா. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல், நடுவில் மணல். கோடை பிறந்தால் கிணறு உவர்க்கத் தொடங்கும். மீள்குடியேறி வீடு கட்டின புதிதில் விறாந்தை முழுக்கக் குரோட்டன் சாடி வைத்துப் பார்த்தா. ஆடியில் இலை நுனி கருகி, ஆவணியில் தடி மட்டும் நின்றது. குடிக்கிற தண்ணிக்குப் பவுசர் பார்த்துக்கொண்டு நிற்கிறபோது குரோட்டனுக்கு எங்கே போவது? ரொறன்ரோவில் இருந்து வந்த தம்பியார் ஒரு பெரிய பிளாஸ்ரிக் சாடி கொண்டுவந்தார். அகல இலை, நடுவில் நாலு மஞ்சள் பூ. சீனாவில் செய்து, கப்பலில் கனடா போய், அங்கிருந்து விமானத்தில் கட்டுநாயக்காவுக்கு வந்து, வான் வண்டியில் பரந்தன் சந்தியால் திரும்பி வந்துசேர்ந்த செடி அது. அந்த வீட்டில் அதைவிட உலகம் சுற்றின ஆள் வேறு யாருமில்லை.

தண்ணி கேட்காத செடி என்றுதான் தம்பியார் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு எங்கள் புழுதி மறந்துபோயிற்று. வாசலால் வாகனம் ஒன்று போனால் போதும், இலையெல்லாம் மா பூசின மாதிரி. சனிக்கிழமையென்றால் மாமி சாடியைத் தூக்கிக்கொண்டு கிணத்தடிக்குப் போவா. பழைய பல்லுத்தேய்க்கிற பிரஷில் சன்லைற் சவர்க்காரத்தைத் தொட்டு, ஒவ்வொரு இலையாக, நரம்பு நரம்பாகத் தேய்ப்பா. காம்பு கழன்றால் பல்லால் கடித்துத் திரும்பச் செருகுவா. பிறகு வாளி வாளியாக அள்ளி ஊற்றுவா. குரோட்டனுக்கு ஒரு கிழமைக்குப் போதுமான தண்ணி ஒரு குளிப்பில் போய்விடும்.

“மாமி, இவ்வளவு தண்ணிக்கு ஒரு தென்னம்பிள்ளை வைச்சிருக்கலாமே?”

“உது உவர்த் தண்ணியடா. தென்னம்பிள்ளை குடிக்காது. இது குடிக்காமலே நிக்குது.”

கழுவிக் காயவைக்கிற வெயிலில் இன்னொரு வேலையும் நடந்தது. பச்சைச் சாயத்தில் மஞ்சள்தான் முதலில் வெயிலுக்குத் தோற்கும், நீலம் நின்று பிடிக்கும். இரண்டு கோடைக்குள் இலையெல்லாம் மெல்ல மெல்ல நீலமாகிவிட்டது. பூ வெள்ளையாயிற்று. மாமிக்குக் கவலையே இல்லை. வருகிற ஆட்களுக்கு அது கனடாவில் மட்டும் வளர்கிற ஒரு சாதி என்று சொல்லிவிட்டா. அப்படி ஒரு சாதிக்குப் பதியம் கேட்டவர்களும் இருக்கிறார்கள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்துக்குள் அரசாங்கம் புகுந்தது. 2023 ஒக்ரோபர் முதலாம் திகதியிலிருந்து ஒருமுறை பாவித்து எறிகிற பிளாஸ்ரிக் சாமான்களுக்குத் தடை. வர்த்தமானிப் பட்டியலில் குடிக்கிற குழாய், தேநீர் கலக்கி, யோகட் கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி, கோப்பை எல்லாம் வரிசையாக வந்து, கூடவே பிளாஸ்ரிக் பூமாலையும் இடியப்பத் தட்டும் நின்றன. உலகத்தில் வேறெந்த நாட்டுச் சட்டத்திலும் இந்த இரண்டும் ஒரே பாயில் படுத்திருக்காது. இதை எழுதினவர் காலமை இடியப்பம் சாப்பிட்டுவிட்டு, யாரோ ஒரு மந்திரிக்கு மாலை போடப் போன ஆளாகத்தான் இருக்க வேண்டும். யாரையும் கலந்து பேசாமல், தன் ஒருநாள் பொழுதையே சட்டமாக்கிவிட்டார்.

செய்தியைக் கேட்டதும் மாமி சாமிப்படத்தில் கிடந்த பிளாஸ்ரிக் மாலையைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினா. வற்றாப்பளை அம்மாளுக்கு வேப்பிலை போதும், அவ பிளாஸ்ரிக் கேட்டவவோ என்றா. இடியப்பத் தட்டு விசயத்தில் அவவுக்குப் பிரச்சினை இல்லை, அவவிடம் இருப்பது பிரம்பு. சாடிதான் நடுவில் நின்றது. வர்த்தமானியைப் போனில் ஒருமுறைக்கு இரண்டுமுறை வாசித்துக் காட்டச் சொன்னா. வாசித்தேன்.

“மாலை எண்டுதானே கிடக்கு? சாடி எண்டு எங்கையும் இல்லையே?”

“இல்லை மாமி.”

“ஒருக்கால் பாவிச்சு எறியிற சாமான் எண்டு தானே சொல்லுறான்? நான் இதை எட்டு வருசமாக் குளிப்பாட்டிக்கொண்டு இருக்கிறன். வந்து கேக்கட்டும் பாப்பம்.”

சொல்லிக்கொண்டே பிரஷை எடுத்தா. அன்றைக்குச் சனிக்கிழமை.